கண்மாய்க்கு முதுகு காட்டி

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒருவர் ஒரு படம் போட்டார். வேலங்கண்மாயில், நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் கலுங்குச் சுவரில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் தண்ணீர் மாலை வெயிலில் மினுங்குகிறது. பிள்ளைகள் குளிக்கிறார்கள். அவரோ தண்ணீருக்கு முதுகைக் காட்டி, மேலூர் ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்துக்குக் கீழே, 'கண்மாயைப் பார்க்கத்தான் சம்பளம், பார்ப்பது என்னவோ ரோட்டை' என்று எழுதியிருந்தது. சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

நான் எதுவும் எழுதவில்லை. எழுதினால் நீளமாக எழுத வேண்டியிருக்கும்.

அவர் பெயர் முத்திருளன். கண்மாயின் எதிர்க்கரை ஊர்க்காரர். முன்பு கப்பலூரில் சாக்கு தைக்கிற ஒரு கம்பெனியில் லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். கம்பெனியை மூடியதும் ஊரோடு வந்துவிட்டார். நீச்சல் தெரிந்தவர் என்பதால், சுற்றுவட்டாரத்தில் யார் கிணற்றில் விழுந்தாலும் அவரைத் தேடித்தான் பைக் வரும். பெரும்பாலும் பிணம் எடுக்கத்தான். எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவரை, அவர் மனைவி நாகஜோதி வாசலிலேயே நிறுத்தி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவார். நாகஜோதிக்கு உசிலம்பட்டிப் பக்கம். "மழ பேஞ்சாத்தான் தண்ணியவே பாக்குற ஊரு எங்க ஊரு. இந்தாளு என்னடான்னா தண்ணிக்குள்ளயே குடியிருக்காரு" என்பார்.

வேலங்கண்மாயில் குழிகள் உண்டு. ஒத்தக்கடையைச் சுற்றி மனைகள் போட்ட காலத்தில், வயல்களை மேடாக்குவதற்குச் சவுடு மண்ணை இந்தக் கண்மாயில்தான் அள்ளினார்கள். நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே கிடப்பதும் அந்த மண்தான். கண்மாய் பெருகிவிட்டால் குழியும் தரையும் ஒன்றாகத் தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் சிரித்துக்கொண்டு நடந்து போகிறவன், அடுத்த எட்டில் சிரிப்போடு காணாமல் போவான்.

அப்படிச் சிலர் போன பிறகுதான், உள்ளூர் ஆட்களை வைத்துக் கண்மாய்களில் ரோந்து ஏற்படுத்தினார்கள். வேலங்கண்மாய்க்கு முத்திருளன். ஒரு பைபர் படகு, ஒரு மிதவை வளையம், ஒரு விசில், கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை. அவ்வளவுதான். யாரையும் பிடிக்கிற உரிமையோ, நிறுத்தி வைக்கிற உரிமையோ கிடையாது. சொல்லலாம், கேட்கிறவன் கேட்பான்.

ஊர்ப் பையன்கள் கேட்டார்கள். அவர் விசிலை ஊதியதே கிடையாது. கரையில் நின்று தோளில் கிடக்கும் துண்டை உருவிச் சுழற்றுவார்.

"டேய் மாப்ள, அங்கிட்டுப் போகாதடா, குழி கெடக்கு. ஒங்க ஆத்தாட்ட என்னால பதில் சொல்ல முடியாது."

"நீயும் எறங்கு மாமா, ஒரு முங்கு போடுவோம்."

"நான் முங்குனேன்னா ஒன் கால இழுத்துட்டுத்தான் மேல வருவேன். ஏறுடா."

பையன்கள் சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார்கள். அதில் முதல் ஆள் முகேஷ். முத்திருளனின் கூடப்பிறந்த அக்கா ராமக்காளின் ஒரே மகன். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்காகத் தினமும் கண்மாய்க் கரையில் ஓடுகிறவன். ஓடி முடித்ததும் வேர்வையோடு குதிப்பான். மாமன் துண்டைச் சுழற்றினால், "இந்தா ஏறிட்டேன், ஏறிட்டேன்" என்று கையைத் தூக்கிக்கொண்டு வருவான்.

வெளியாட்கள் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். முத்திருளன் படகில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"தம்பி, அந்தப் பக்கம் வேணாம்ப்பா."

"நீங்க யாருண்ணே? போலீசா?"

"இல்லப்பா, ரோந்து."

"அப்பச் சரி, ரோந்து போங்க."

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவரும் ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டுத் துடுப்பைப் போட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில், கேட்ட அந்தப் பையனையே வெளியே எடுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு பல நாள், மலையாண்டியின் டீக்கடையில் அந்தக் கேள்வியையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேப்பர் படிக்கிற சாக்கில் அந்தக் கடை பெஞ்சில் தினமும் உட்காருவேன்.

"போலீசான்னு கேட்டான் மலையாண்டி. ஆமான்னு ஒரு வார்த்த சொல்ல முடிஞ்சிருந்தா, அவன் இந்நேரம் ஒங்கடையில உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருப்பான்."

"என் டீயக் குடிக்கிறதுக்கு அவன் தண்ணியிலயே போயிருவான். விடுண்ணே" என்றார் மலையாண்டி. சிரிக்க வைக்கத்தான் சொன்னார். முத்திருளன் சிரிக்கவில்லை.

கடலோரத்தில் ரோந்து போகும் உள்ளூர் ஆட்கள், தங்களுக்கும் காவலர்களைப் போல் அதிகாரம் வேண்டுமென்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்மாய் ரோந்துக்காரர்களையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முத்திருளன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். போகும்போதெல்லாம் சலவைச் சட்டை. வரும்போது அந்தச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். "எதுக்குய்யா ஒங்களுக்கு அதெல்லாம்?" என்று கேட்டவர்களிடம் ஒரே பதில்தான் சொன்னார். "நான் சொல்றத அவன் கேக்கணும் சார். அம்புட்டுத்தான்."

கடைசியில் உத்தரவு வந்தது. தண்ணீரில் ரோந்து போகிறவர்கள், தடையை மீறி இறங்குகிறவர்களைத் தடுத்து நிறுத்தலாம், பிடிக்கலாம், ஸ்டேஷனில் ஒப்படைத்து வழக்குப் பதியச் சொல்லலாம். மதுரையில் ஒரு மண்டபத்தில் முத்திருளனின் காக்கிச் சட்டையில் அதிகார வில்லை குத்திவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் டீக்கடை வாசலில், முகேஷ் மாமனுக்குச் சல்யூட் அடிக்கக் கற்றுக்கொடுத்தான்.

"கைய நெத்திக்கு நேராக் கொண்டு வா மாமா. நீ அடிக்கிறது கொசு அடிக்கிற மாதிரி இருக்கு."

"போடா, வயசு போன காலத்துல."

"எனக்கு முன்னாடி நீ போலீசாயிட்ட. நாளைக்கு நான் வேலைக்குப் போனா ஒனக்குத்தான் மொதச் சல்யூட்டு."

பூட்சையும் அவன்தான் துடைத்துக் கொடுத்தான். நாகஜோதி கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு விழாவுக்குப் போனார். திரும்பி வந்து ராமக்காளிடம், "மைனி, ஒங்க தம்பி பேர மைக்குல வாசிச்சாக" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

காக்கி போட்டதும் தோளில் துண்டு கிடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் விசிலை எடுத்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அந்த மழைக்காலம் முழுவதும் வேலங்கண்மாயில் ஒரு உயிர் போகவில்லை. பைக்கில் வந்த வெளியூர்ப் பையன்கள் வில்லையைப் பார்த்ததும் திரும்பினார்கள். முறைத்தவர்களைப் பிடித்து ஒப்படைத்தார். "போலீசா?" என்று ஒருவன் கேட்டபோது, அவர் "ஆமா" என்று சொன்னதை நான் கரையில் நடந்துபோகையில் கேட்டேன். அந்தச் சொல்லை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாள் வாயில் வைத்திருந்ததை மெதுவாக இறக்கி வைப்பதுபோலச் சொன்னார்.

பிறகு ஊர்ப் பையன்கள் இரண்டு பேரையும் பிடித்தார். குழிக்கு நேர்மேலே கருவேல மரத்தில் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தவர்கள். எத்தனை தடவை சொன்னாலும் கேட்காதவர்கள். வழக்குப் பதிவானது. அதில் ஒருவன் வெளிநாட்டு வேலைக்கு எல்லாம் முடித்துவிட்டுக் காத்திருந்தவன். வழக்கு இருப்பதால் பயணம் நின்றுபோனது. அவன் அப்பா டீக்கடைக்கே வந்துவிட்டார்.

"ஊரான் பிள்ளைன்னா ஒனக்குச் சட்டம். ஒன் அக்கா மகன் தெனமும் கண்மாய்க்குள்ளதான கெடக்கான்? அவனப் பிடிச்சியா? நாளைக்கு அவன் போலீசாகணும், எம்மகன் இங்கயே கெடந்து சாகணுமா?"

கடையில் ஆள் நிறைந்திருந்தது. முத்திருளன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்க அக்கா மகனா இருந்தாலும் சரி, இனிமே கண்மாயில எறங்குனான்னா கேஸ்தான். வேலைக்குப் போறவன்னு பாக்க மாட்டேன். இந்த இடத்துல சொல்றேன், கேட்டுக்கங்க."

முகேஷ் அங்கேதான், கடைக்கு வெளியே பானைத் தண்ணீரை மொண்டு குடித்துக்கொண்டிருந்தான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயைத் துடைத்துவிட்டு, கால் இரண்டையும் சேர்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். "சரிங்க சார்."

கடையே சிரித்தது. முத்திருளனும் சிரித்தார். சண்டைக்கு வந்தவர்கூடச் சிரித்துவிட்டுப் போனார்.

நியாயத்துக்காகச் சொன்ன சொல் அது. ஆனால் இங்கே டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்ன சொல்லை வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ள முடியாது. சொன்னவரும் மாற்ற முடியாது, கேட்டவனும் மாற்ற முடியாது. அன்றைக்குப் பிறகு பையன்கள் யாரும் அவரை மாமா என்று கூப்பிடவில்லை. விளையாட்டுப்போல ஆரம்பித்த 'சார்' அப்படியே நின்றுவிட்டது. மலையாண்டியும் அவர் வந்தால் பெஞ்சைத் துடைத்துவிட ஆரம்பித்தார்.

தை மாதம். முகேஷ் ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறிவிட்டான். உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி. இனி அவன்மேல் ஒரு வழக்கும் இருக்கக் கூடாது. ஊருக்கே அது தெரியும்.

அன்று சாயங்காலம் நான் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கண்மாயில் தலைகள் தெரிந்தன. ஓடி முடித்த பையன்கள் வேர்வை தாங்காமல் இறங்கியிருப்பார்கள். கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு முத்திருளனின் படகு வந்தது. விசில் சத்தம் கேட்டது. கொக்குக் கூட்டம் கலைவதுபோல எல்லோரும் கரையைப் பார்த்துப் பாய்ந்தார்கள். அவரும் படகை ஒதுக்கிவிட்டுக் கரைமேல் ஓடினார். இரண்டு பேரை எட்டிப் பிடித்தது தெரிந்தது. இவ்வளவுதான் நான் பார்த்தது. துணிகளோடு கீழே இறங்கிவிட்டேன். மற்றதை அந்த இரண்டு பேரும், பிறகு அவரும் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பிடிபட்டவர்களில் ஒருவன் பாண்டிராஜ், முகேஷின் சேக்காளி. இரண்டு பேரையும் கலுங்கில் உட்கார வைத்துவிட்டு முத்திருளன் கேட்டார்.

"வேற யாருடா இருந்தா?"

"யாரும் இல்ல சார்."

"ஓடுனவனுக பேரு?"

"தெரியல சார். வெளியூர்க்காரனுக சார்."

அவர் கைப்பேசியில் ஸ்டேஷனுக்குப் பேசினார். அவர்களின் அப்பா பெயர் கேட்டார். அவருக்குத் தெரிந்த பெயர்கள்தான். ஆனாலும் கேட்க வேண்டும். பாண்டிராஜ் பதில் சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்தான். பயந்திருக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார். மற்றவன் தலையைக் குனிந்து காலால் மண்ணைக் கீறினான். தண்ணீர் அலை அடங்கிச் சமமாக இருந்தது. ஒரு கெண்டை துள்ளி விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பாண்டிராஜ் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல சார்."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. திடீரென்று பாண்டிராஜ் அழ ஆரம்பித்தான்.

"மாமா... மாமா, முகேஷு உள்ள இருக்கான் மாமா. ஒங்களப் பாத்துட்டு முங்குனான் மாமா. இன்னும் வரல மாமா."

முத்திருளன் பூட்சோடு பாய்ந்தார்.

கருவேலங்காட்டை ஒட்டிய குழியின் ஓரத்தில் கிடைத்தான். அவன் வலது கை தண்ணீருக்கடியில் ஒரு வேரைப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கரையில் போட்டு நெஞ்சை அமுக்கினார், வாயில் ஊதினார், ஆம்புலன்ஸ் வந்த பிறகும் விடவில்லை. அவர்கள்தான் அவரைப் பிடித்து விலக்கினார்கள்.

மூழ்குகிறவன் மேலே கிடைக்கிறதைப் பிடிப்பான், கொப்போ கொடியோ. இவன் அடியில் இருந்ததைப் பிடித்திருந்தான். மேலே வந்துவிடாமல் இருப்பதற்காக. எத்தனையோ பிணங்களை எடுத்த முத்திருளனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அது தெரியாமல் இருந்திருந்தால் அவருக்கு நல்லது.

பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில் ராமக்காள் தரையில் உட்கார்ந்திருந்தார். அழுது தொண்டை கட்டியிருந்தது. முத்திருளன் ஈரக் காக்கியோடு எதிரே நின்றார். ராமக்காள் திட்டவில்லை. கேட்கத்தான் செய்தார்.

"ஒன்னையப் பாத்தாடா ஒளிஞ்சான்?"

அவர் குனிந்து தன் பூட்சையே பார்த்தார்.

"நீ தூக்கி வளத்த பயடா. ஒன்னையப் பாத்து எதுக்குடா ஒளிஞ்சான்?"

மறுநாள் எடுத்தார்கள். கல்யாணம் ஆகாத பையனென்றாலும் தாய்மாமன் கோடித்துணி போட்ட பிறகுதான் தூக்க வேண்டும். முத்திருளன் கோடியோடு தெருமுனை வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டார். நாகஜோதி கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. பறை அடிக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ராமக்காள்தான் எழுந்து வந்தார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"வா. ஒன் மருமகனுக்கு நீ போடாம யாரு போடுறது."

அந்தத் தெருவில் நடந்த தூரம் எவ்வளவு இருக்கும், முப்பது அடி இருக்கலாம். ஒரு ஆள் அவ்வளவு நேரமெடுத்து நடந்து நான் பார்த்ததில்லை.

முகேஷுக்கு வேலை உத்தரவு வந்ததா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அதை நான் விசாரிக்கவில்லை. யாரும் விசாரித்துவிடக் கூடாது என்றுகூட நினைத்தேன்.

காரியம் முடிந்ததும் முத்திருளன் வில்லையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். வேலையை விடவில்லை, அதிகாரத்தை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், பழையபடி வெறும் ரோந்தாக இருக்கிறேன் என்றார். அங்கே இருந்தவர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "குடுக்குறதுக்குத்தாங்க உத்தரவு இருக்கு. திரும்ப வாங்குறதுக்கு எதுவும் வரலையே. வேணும்னா வேலைய விட்ருங்க, வேற ஆளப் போட்டுக்கிறோம்."

வேற ஆள் என்றதும் அவர் எழுந்து வந்துவிட்டார். வேற ஆளுக்குக் குழி இருக்கிற இடம் தெரியாது. அதைவிட, வேற ஆள் விசில் ஊதுவான்.

மூன்றாவது வாரம் படகை எடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னப் பயல்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்த மாத்திரத்தில், கரைக்கு ஓடாமல், நேராகக் கருவேலங்காட்டுப் பக்கம் குழியை நோக்கி நீந்தினார்கள். அவர் படகைத் திருப்பினார். வேகவேகமாகத் துடுப்பைப் போட்டு விலகிப் போனார். தூரத்தில் போய்த் திரும்பிப் பார்க்காமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் பின்னால் மறுபடியும் பேச்சும் சிரிப்பும் கேட்டன.

அன்றிலிருந்து இப்படித்தான். சாயங்காலம் நாலு மணிக்குக் கலுங்குச் சுவரில், கண்மாய்க்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவார். விசில் சட்டைப்பைக்குள் இருக்கும். பூட்சைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருப்பார். பயல்கள் முதலில் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இந்த ஆள் திரும்ப மாட்டார் என்று தெரிந்ததும் அவருக்குப் பக்கத்திலேயே, கலுங்கை ஒட்டிய ஆழமில்லாத இடத்திலேயே குளிக்க ஆரம்பித்தார்கள்.

ராமக்காள் தம்பியோடு பேசாமல் இல்லை. நல்லது கெட்டதுக்கு இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள். ஆனால் ஒத்தக்கடைக்குப் பஸ் ஏற, கரைவழியே போனால் பக்கம் என்றிருந்தும், இப்போதும் ஊரைச் சுற்றித்தான் போகிறார்.

அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்த மறுநாள், நான் கலுங்குக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுவரை அவரோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.  அன்றைக்கு அவர்தான் முதலில் பேசினார்.

"ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன்னு போட்டுருக்காகளாம்ல தம்பி. மலையாண்டி காட்டுனான்."

"ஆமாண்ணே."

"ரோட்டுல என்ன இருக்கு பாக்க." காதைத் தொட்டுக் காட்டினார். "காதுதான் தம்பி. சத்தம் கேட்டாப் போதும். கத்துறானுக, வஞ்சுக்கிறானுகன்னா உசுரோட இருக்கானுகன்னு அர்த்தம். இந்தா, ரெண்டு பேரு சண்ட போடுறானுகல்ல? எம்புட்டு நல்லா இருக்கு."

பின்னால் ஒருவன் இன்னொருவனின் அம்மாவை இழுத்து வைதுகொண்டிருந்தான். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. தண்ணீர் கரையில் மோதுகிற ஓசை மட்டும்தான். நான் திரும்பிப் பார்க்கப் போனேன். அவர் என் முழங்காலை இறுகப் பிடித்தார்.  பாதம் இரண்டும் தரையைத் தேடி இறங்கின. உதடு மட்டும் லேசாக அசைந்தது. யார் பெயரையோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

எல்லோரும் ஒன்றாக முங்கி, யார் அதிக நேரம் இருப்பது என்று பார்த்திருக்கிறார்கள். ஒரே சமயத்தில் தலைகள் மேலே வந்தன. ஒரே கூச்சல். "நாந்தாண்டா கடைசி" என்று ஒரு குரல், "பொய் சொல்லாதடா" என்று நாலு குரல்.

முத்திருளன் என் முழங்காலிலிருந்து கையை எடுத்தார். அவர் பிடித்த இடத்தில் என் வேட்டி வேர்வையில் நனைந்திருந்தது. மேலூர் பஸ் ஒன்று ஆட்களைத் திணித்துக்கொண்டு போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.